ரேஸ் காருக்கு விளக்கெண்ணெய் ஊற்றியவர்

லண்டன் மேயராக இருந்த வேக்பீல்டு பிரபுவின் கதை

ஆனி, ஆடி மாதங்களில் ஐந்தருவிக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. மலை முழுவதும் மேகம். மெல்லிய சாரல். ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழும் அருவி. அதன் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது.

குற்றாலம் என்றாலே எண்ணெய்க் குளியல் என்று சொல்லும் காலம் ஒன்று இருந்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு அடியில் போய் நிற்பார்கள். இப்போது எண்ணெய், சோப்பு, ஷாம்பு பூசிக்கொண்டு அருவியில் குளிக்கத் தடை இருக்கிறது. ஆனாலும் எண்ணெய்க் குளியலின் பெருமை ஊரைவிட்டுப் போகவில்லை. உடம்புச் சூடு தணியும், மூட்டுகள் இலகுவாகும் என்பது மக்களின் நம்பிக்கை.

அருவிக்குப் போகும் வழியில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கும் எண்ணெய்க் குளியல் உண்டு!

ஆம். கார் ஓடும் நேரமெல்லாம் அதன் என்ஜினுக்குள்ளே எண்ணெய் பாய்ந்துகொண்டே இருக்கிறது. உரசுகிற பாகங்களை நனைக்கிறது. சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. அழுக்கையும் அரித்துக்கொண்டு போகிறது. இந்தக் குட்டி அருவி சிறிது நேரம் வற்றினால் போதும். இரும்போடு இரும்பு உரசி, என்ஜின் இறுகி நின்றுவிடும்.

அந்த எண்ணெயைச் சரியாகக் கொடுப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் ஒருவர் இருந்தார். நம் ஊர் வேலி ஓரத்தில் முளைத்துக் கிடக்கிறதே ஆமணக்கு, அதன் எண்ணெயை மோட்டாருக்குக் கொண்டுபோய்ப் பெயரும் பொருளும் பெற்றவர். லண்டன் மாநகரின் மேயராக வந்தவர். பிரபு பட்டமும் பெற்றவர்.

அவர் பெயர் சார்லஸ் சியர்ஸ் வேக்பீல்டு.

சுங்க அதிகாரியின் மகன்

இங்கிலாந்தில் லிவர்பூல் என்று ஒரு பெரிய துறைமுகப் பட்டினம் இருக்கிறது. அங்கே 1859ம் ஆண்டு டிசம்பர் 12ந் தேதி வேக்பீல்டு பிறந்தார். தகப்பனார் சுங்க இலாகாவில் வேலை பார்த்தவர்.

அதே 1859ம் ஆண்டில்தான் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் எட்வின் டிரேக் என்பவர் பூமியைத் துளைத்து எண்ணெய் எடுத்தார். பெட்ரோலியத் தொழில் அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. வேக்பீல்டும் எண்ணெய்த் தொழிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தன என்று சொல்லலாம்.

அது நீராவி என்ஜின்களின் காலம். ரெயில், கப்பல், ஆலை எல்லாம் நீராவியில் ஓடின. அவற்றின் பாகங்களுக்கு மாட்டுக் கொழுப்பையும், கடுகு இனத்து எண்ணெய்களையும் பூசி வந்தார்கள். ரெயிலை அடிக்கடி நிறுத்தி, ஆள் இறங்கி எண்ணெய் விட வேண்டும். அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த பெற்றோருக்குப் பிறந்த எலைஜா மெக்காய் என்ற நீக்ரோ இன என்ஜினீயர், ஓடும்போதே எண்ணெய் விடும் கருவி ஒன்றை 1872ல் செய்து காட்டினார். அதன் பிறகு எண்ணெயும் எண்ணெய் விடும் கருவிகளும் பெரிய வியாபாரம் ஆயின.

அந்த வியாபாரத்தில்தான் இளைஞர் வேக்பீல்டும் சேர்ந்தார். வாக்குவம் ஆயில் என்ற அமெரிக்கக் கம்பெனியில் அவருக்கு வேலை. கம்பெனிக்காகப் பல நாடுகளைச் சுற்றினார். எந்த ஊர் ஆலைக்கு எந்த எண்ணெய் ஒத்துவரும் என்பதை நேரில் கண்டு தெரிந்துகொண்டார். 1888ல் சாரா பிரான்சிஸ் என்ற பெண்ணை மணந்தார். பிறகு லண்டனில் குடியேறினார்.

நாற்பது வயதில் துணிச்சல்

நல்ல சம்பளம். நல்ல பதவி. வயது நாற்பதை நெருங்கிவிட்டது. இந்த வயதில் யாராவது வேலையை விடுவார்களா?

வேக்பீல்டு விட்டார்!

1899ல் அவர் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார். பழைய கம்பெனியில் தம்மோடு வேலை பார்த்த எட்டுப் பேரையும் சேர்த்துக்கொண்டார். லண்டனில் கடைகள் நிறைந்த சீப்சைடு வீதியில் அலுவலகம். கம்பெனிக்குத் தம் பெயரையே வைத்தார்.

ரெயில் என்ஜின்களுக்கும் பெரிய எந்திரங்களுக்கும் எண்ணெய் விற்றார். எண்ணெய் விடும் கருவிகளும் விற்றார். வியாபாரம் நன்றாக நடந்தது. ஊரில் மதிப்பும் உயர்ந்தது. 1908ல் சர் பட்டம் கிடைத்தது.

அந்த வருமானமே போதும் என்று அவர் இருந்திருக்கலாம். ஆனால் ரோட்டில் ஒரு புதிய வண்டி ஓடத் தொடங்கியிருந்தது.

மோட்டார் கேட்ட எண்ணெய்

நீராவி என்ஜின் நிதானமாக உழைக்கும். மோட்டார் என்ஜின் அப்படி அல்ல. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலும். உள்ளே பெட்ரோல் எரியும். தாங்க முடியாத சூடு.

இங்கேதான் எண்ணெய்க்குச் சோதனை. எண்ணெய் கெட்டியாக இருந்தால், குளிர்ந்த காலையில் என்ஜினைக் கிளப்பும்போது ஓடாது. மேல் பாகங்களுக்குப் போய்ச் சேருவதற்குள் அவை உலர்ந்து தேயும். நீர்த்த எண்ணெயாக இருந்தால், சூடு ஏறியதும் தண்ணீர்போல் ஆகிவிடும். பாகங்களுக்கு இடையில் நிற்காமல் வழிந்துவிடும்.

குளிரிலும் ஓட வேண்டும். சூட்டிலும் நிற்க வேண்டும். அப்படி ஓர் எண்ணெய் எங்கே இருக்கிறது?

நம் வீட்டு மாடத்தில் இருந்தது!

ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து நம் பாட்டிமார் எண்ணெய் எடுத்தார்கள். விளக்கு எரித்தார்கள். குழந்தையின் உச்சியில் வைத்தார்கள். வயிறு கட்டிக்கொண்டால் ஒரு கரண்டி கொடுத்தார்கள். வண்டிக்காரர்கள் வைக்கோல் கரியோடு அதைக் குழைத்து, மாட்டு வண்டியின் அச்சுக்கு மசகு போட்டார்கள். வழுவழுப்புக்கு விளக்கெண்ணெய் என்பது தமிழ்நாட்டு வண்டிக்காரருக்குத் தெரிந்த சங்கதிதான்.

அதற்குக் காரணம் உண்டு. விளக்கெண்ணெயில் நூற்றுக்குச் சுமார் 90 பங்கு ரிசினோலிக் அமிலம் இருக்கிறது. வேறு எந்தச் சமையல் எண்ணெயிலும் அது இவ்வளவு கிடையாது. அதனால் விளக்கெண்ணெய் இரும்பை இறுகப் பற்றிக்கொள்ளும். மிகுந்த சூட்டிலும் வழுவழுப்புக் குறையாது.

பூமி எண்ணெயோடு ஆமணக்கு எண்ணெயைச் சேர்த்து மோட்டார்களுக்கென்று புதிய எண்ணெய் தயாரித்தது வேக்பீல்டு கம்பெனி. ஆமணக்குக்கு இங்கிலீஷில் காஸ்டர் என்று பெயர். அதிலிருந்தே புது எண்ணெய்க்குப் பெயர் பிறந்தது. 1909ம் ஆண்டு காஸ்ட்ரால் கடைக்கு வந்தது.

விமானிகளின் வயிற்று வலி

1914ல் முதல் உலகப் போர் மூண்டது. ஆகாய விமானங்கள் போருக்குப் பறந்தன.

அந்தக் காலத்து விமானங்கள் பலவற்றில் விசித்திரமான என்ஜின் இருந்தது. அதன் சிலிண்டர்களே விசிறிபோலச் சுழலும். பெட்ரோலும் காற்றும் என்ஜினின் அடிவயிறு வழியாகவே மேலே போகும். சாதாரண எண்ணெயைப் பெட்ரோல் கழுவிக்கொண்டு போய்விடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரையாது. ஆகவே அந்த என்ஜின்களுக்கு விளக்கெண்ணெய்தான் வேண்டும் என்று ஆயிற்று.

ஒருமுறை உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது. புகையோடு வெளியே தெறிக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் விமானியின் முகத்தில் வந்து அப்பும். மூக்கிலும் வாயிலும் போகும். விளக்கெண்ணெய் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று நம் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகைவனுடைய குண்டுக்குப் பயப்படாத வீரர்கள், தங்கள் வயிற்றுக்குப் பயந்தார்கள்!

விளக்கெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்கர்கள் இந்தியாவிலிருந்து ஆமணக்கு விதை வரவழைத்து, 1918ல் தங்கள் நாட்டின் தென்பகுதியில் பயிரிட்டுப் பார்த்தார்கள்.

போர் நடந்தபோது, 1915 முதல் 1916 வரை, வேக்பீல்டு லண்டன் மேயராக இருந்தார். ஜெர்மானியர்கள் செப்பலின் என்ற ராட்சத ஆகாயக் கப்பல்களில் வந்து இரவில் குண்டு போட்டார்கள். 1916ல் அவற்றில் ஒன்றைப் பீரங்கிப் படையினர் சுட்டு வீழ்த்தினர். அந்தப் படையினருக்கு வேக்பீல்டு தம் செலவில் தங்கப் பதக்கங்கள் செய்து கொடுத்தார்.

கீழே கடல், மேலே இருவர்

போர் முடிந்தது. 1919 ஜூன் 14ந் தேதி ஜான் அல்காக், ஆர்தர் பிரவுன் என்ற இருவர் அமெரிக்கக் கண்டத்தின் நியூபவுண்ட்லாந்து தீவிலிருந்து விமானத்தில் கிளம்பினார்கள். அட்லாண்டிக் மகா சமுத்திரத்தை எங்கும் இறங்காமல் தாண்ட வேண்டும். அதுவரை யாரும் செய்யாத காரியம்.

சுமார் 16 மணி நேரம் பறந்தார்கள். மூடுபனி, மழை, பனிக்கட்டி. கீழே கருங்கடல்போல் இருண்ட நீர். எண்ணெய் ஓட்டம் நின்றால் என்ஜின் நிற்கும். என்ஜின் நின்றால் இறங்க இடம் இல்லை. மறுநாள் காலையில் அயர்லாந்தின் சதுப்பு நிலத்தில் அவர்கள் உயிரோடு இறங்கினார்கள். அவர்களுடைய இரண்டு என்ஜின்களிலும் ஓடியது காஸ்ட்ரால்.

அட்லாண்டிக்கைத் தாண்டிய எண்ணெய் என்ற பெயர் போதாதா? வியாபாரம் பெருகியது.

பந்தயக் கார்

1907ல் லண்டனுக்கு அருகே புரூக்லேண்ட்ஸ் என்ற இடத்தில் மோட்டார் பந்தயத் திடல் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். பந்தயம் நடக்கும் நாளில் அங்கே ஒரு தனி வாசனை எழும். எரிந்த விளக்கெண்ணெயின் வாசனை. அந்த வாசனை மூக்கில் பட்டதுமே ரசிகர்களுக்கு உற்சாகம் பிறக்கும்.

பந்தயக் காருக்கு எண்ணெய் விடுவது லேசான வேலை அல்ல. கார் வளைவில் வேகமாகத் திரும்பும்போது, அடித்தட்டில் இருக்கும் எண்ணெய் முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கும். செங்கோட்டை மலைப்பாதை வளைவில் பஸ் திரும்பினால், உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் சாய்கிறோமே, அதுபோலத்தான். அந்த நேரத்தில் பம்பு எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். சில விநாடிகள் எண்ணெய் இல்லாவிட்டால் என்ஜின் பாழ். இதற்காகப் பல பந்தயக் கார்களில் எண்ணெயைத் தனித் தொட்டியில் வைத்தார்கள். இன்றும் உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் அந்த ஏற்பாடு உண்டு.

விளக்கெண்ணெயிலும் ஒரு குறை இருந்தது. சூட்டில் நாள்பட்டால் கோந்துபோல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பந்தயம் முடிந்ததும் அதை வடித்துவிட வேண்டும். பூமி எண்ணெய் ஓடிய என்ஜினில் அப்படியே விளக்கெண்ணெயை ஊற்றவும் கூடாது. முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். பந்தயத்தில் ஜெயித்துக் கொடுத்த அதே எண்ணெய், கவனிக்காமல் விட்டால் என்ஜினைக் கெடுத்தும் விடும்!

வேகத்தில் சாதனை செய்ய விரும்பியவர்களுக்கு வேக்பீல்டு அள்ளிக் கொடுத்தார். உலகத்திலேயே வேகமாகக் கார் ஓட்டுபவருக்கென்று தங்கக் கோப்பை ஏற்படுத்தினார். ஹென்றி செக்ரேவ் என்ற வீரர் 1927ல் மணிக்கு 200 மைல் வேகத்தை முதன்முதலாகத் தாண்டினார். 1929ல் கோல்டன் ஆரோ என்ற காரில் மணிக்கு 231 மைல் வேகத்தில் பறந்தார். அது 372 கிலோ மீட்டர். அந்த வேகத்தில் போனால் தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு 9 நிமிடத்தில் போய்விடலாம்!

வெறும் விளம்பரத்துக்காகத்தான் இதெல்லாம் என்று நினைக்கலாம். விளம்பரமும் உண்டு. வேக்பீல்டு நல்ல வியாபாரி. ஆனால் அவர் உதவிய எல்லாரும் பெயர் பெற்ற வீரர்கள் அல்லர்.

உதவி கேட்ட இளம் பெண்

1930ல் ஆமி ஜான்சன் என்ற 26 வயதுப் பெண், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாக விமானம் ஓட்டிப் போக விரும்பினாள். விமானம் ஓட்டப் பழகியவள். விமான என்ஜினைப் பழுது பார்க்கும் லைசென்சும் வாங்கியவள். ஆனால் சொந்த விமானம் இல்லை. நீண்ட தூரம் பறந்த அனுபவமும் இல்லை. பலரிடம் உதவி கேட்டாள். கிடைக்கவில்லை.

வேக்பீல்டு அவளை நம்பினார். விமானத்தின் விலை 600 பவுன். அவளுடைய தகப்பனாரும் வேக்பீல்டும் சேர்ந்து அந்தப் பணத்தைக் கொடுத்தார்கள். வழியில் பெட்ரோலும் எண்ணெயும் கிடைக்கவும் வேக்பீல்டு உதவினார்.

மே 5ந் தேதி ஆமி புறப்பட்டாள். பாலைவனப் புயலைத் தாண்டிக் கராச்சி வந்தாள். ஜான்சியில் ராணுவ மைதானத்தில் இறங்கினாள். அலகாபாத், கல்கத்தா, ரங்கூன் வழியாகப் பறந்து, மே 24ந் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினாள். அந்தத் தூரத்தைத் தனியாகப் பறந்து கடந்த முதல் பெண் அவள்தான்.

உலகமே கொண்டாடியது. ஆனால் அந்த மகிழ்ச்சி வேக்பீல்டுக்கு முழுசாக மூன்று வாரம் நிலைக்கவில்லை.

ஏரியில் விழுந்த இடி

தரையில் சாதனை செய்த செக்ரேவ், தண்ணீரிலும் சாதனை செய்ய ஆசைப்பட்டார். அவருக்காக வேக்பீல்டு ஒரு வேகப் படகு கட்டுவித்தார். மிஸ் இங்கிலாந்து 2 என்று அதற்குப் பெயர்.

1930 ஜூன் 13ந் தேதி. இங்கிலாந்தின் வின்டர்மியர் ஏரி. படகு மணிக்குச் சுமார் 98 மைல் வேகத்தை எட்டியது. உலக சாதனை! செக்ரேவ் மீண்டும் ஒரு தடவை பாய்ந்தார். தண்ணீரில் கிடந்த மரக்கட்டை மோதியதாகச் சொல்வார்கள். படகு புரண்டது. உடன் சென்ற என்ஜினீயர் ஹாலிவெல் மாண்டார். சில மணி நேரத்தில் செக்ரேவும் உயிர் துறந்தார். அவருக்கு வயது 33.

என்ஜின் சரியாக இருந்தது. எண்ணெய் சரியாக இருந்தது. பணத்துக்கும் குறைவில்லை. ஒரு கட்டை எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

அந்தப் படகை எடுத்துப் பழுது பார்க்கச் செய்தார் வேக்பீல்டு. அடுத்த ஆண்டு வேறொரு வீரர் அதே படகில் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தாண்டினார். செக்ரேவ் தொடங்கியது பாதியில் நிற்கவில்லை.

எளியவருக்கும் கொடுத்தார்

வேக்பீல்டு சம்பாதித்ததில் பெரும் பங்கைத் தர்மத்துக்குக் கொடுத்தார். 1929ல் 10 ஆயிரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இலவசமாக விமானத்தில் பறந்து பார்க்கப் பணம் கொடுத்தார். போர்க்காலத்தில் சிப்பாய்கள் இளைப்பாறிய பெல்ஜியம் நாட்டு வீடு ஒன்றை, அவர்கள் நினைவாகக் காப்பாற்ற விலைக்கு வாங்கித் தந்தார். பொம்மை விமானப் போட்டிக்கு அவர் கொடுத்த கோப்பையின் பெயர் இன்றும் அந்தப் பந்தயங்களில் வழங்குகிறது. ரப்பர் முறுக்கில் பறக்கும் அந்தக் குட்டி விமானங்களை வேக்பீல்டு என்றே அழைக்கிறார்கள்.

1930ல் பிரபு பட்டமும், 1934ல் அதைவிட உயர்ந்த வைகவுண்ட் பட்டமும் அவருக்குக் கிடைத்தன.

1941 ஜனவரி 5ந் தேதி, ஆமி ஜான்சன் ஓட்டிச் சென்ற விமானம் தேம்ஸ் நதியின் முகத்துவாரத்தில் விழுந்தது. ஆமி மறைந்தாள். சரியாகப் பத்து நாள் கழித்து, ஜனவரி 15ந் தேதி, வேக்பீல்டும் கண் மூடினார். வயது 81. பட்டத்துக்கு வாரிசு இல்லை. அது அவரோடு முடிந்தது.

அவர் கம்பெனியின் பெயர் 1960ல் காஸ்ட்ரால் என்று மாற்றப்பட்டது. முதலாளியின் பெயர் போய், ஆமணக்கின் பெயர் நின்றது!

உங்கள் காருக்கு எது?

ஆமணக்கு விளைச்சலில் உலகத்தில் இந்தியாவுக்கே முதலிடம். குஜராத்தில் ஏராளமாக விளைகிறது. ஆனால் இன்றைய சாதாரணக் கார்களில் விளக்கெண்ணெய் ஊற்றக் கூடாது. அவற்றுக்கென்று மருந்துகள் சேர்த்த எண்ணெய்கள் வந்துவிட்டன.

எண்ணெய் டப்பாவில் 5டபிள்யூ-30 என்பதுபோல் எழுதியிருக்கும். முதல் எண், குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதைக் காட்டும். எண் குறைந்தால் குளிரில் எளிதாக ஓடும் என்று பொருள். இரண்டாவது எண், சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டும். பெரிய எண்தான் உயர்ந்தது என்று நினைப்பது தவறு. விலை கூடியதுதான் நல்லது என்பதும் தவறு. கார் செய்தவர்கள் தந்த புத்தகத்தில் எந்த எண் இருக்கிறதோ, அதுவே அந்தக் காருக்கு மருந்து. ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதுதான் விதி.

எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதும் சுலபம். காரைச் சமதரையில் நிறுத்துங்கள். மலைச் சரிவில் பார்த்தால் கணக்குத் தப்பும். என்ஜினை நிறுத்திச் சில நிமிடம் பொறுங்கள். அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் இருக்க வேண்டும். குறைந்தால் என்ஜின் தேயும். மிஞ்சினால் எண்ணெய் அடிபட்டு நுரைத்து, வழுவழுப்புக் கெடும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

வடித்த பழைய எண்ணெயை மண்ணிலோ வாய்க்காலிலோ கொட்டுவது பாவம். குற்றால மலையில் விழும் நீர்தான் சிற்றாறாக ஓடி வயல்களை நனைக்கிறது.

அடுத்த சாரலில் ஐந்தருவிக்குக் காரில் போகிறவர்கள், கிளம்பும் முன் அந்தக் கம்பியை ஒருமுறை உருவிப் பார்க்கட்டும். இரண்டு நிமிட வேலை. மனிதர்களுக்கு அருவிக் குளியல் ஐந்தருவியில் காத்திருக்கிறது. காரின் எண்ணெய்க் குளியல் வீட்டு வாசலிலேயே சரியாக இருக்க வேண்டும்.